நிலைக்கு மேலே இருந்த பலகை

எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்கு எதிரில் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன் நான். சாக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதல் தெரு. அந்த வீட்டின் முகப்புக் கதவைத் திறந்தால் என் கடையில் உட்கார்ந்தபடியே பின்வாசல் வெளிச்சம் தெரியும். கதவுக்கு நேர் கதவு, கட்டுக்கு நேர் கட்டு என்று கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடாத இடத்துக்குப் போகிற வழக்கம் எனக்கில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்ததை நம்ப மாட்டேன்.

அப்படிப்பட்ட எனக்கே ஒரு கணக்குப் பாடம் ஒரு மனுசனைத் திருடனாக்கிவிடும் என்று தோன்றியதில்லை. கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த வீட்டுச் சாவி வீரையாவிடம் இருந்தது. அவனுக்கு முன்னால் அவன் அய்யாவிடம். வீட்டுக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், காரைக்குடியில் என்று ஆளுக்கொரு பக்கம். பங்காளிகள் ஏழெட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு அறை உள்ளே பூட்டிக் கிடக்கும். மற்றதெல்லாம் பொது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லாரும் சேர்ந்து வருவார்கள். மற்ற நாளில் தனித்தனியாக வந்து, தனித்தனியாகக் கதவைத் திறக்கச் சொல்லி, தனித்தனியாகப் போவார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வீரையாவிடம் மட்டும் எல்லாரும் பேசுவார்கள்.

அவன் வேலை லேசு இல்லை. விடிந்ததும் முற்றத்தில் புறா எச்சத்தைச் சுரண்டுவான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டில் ஏறி இலை தழையை அள்ளித் தண்ணீர் போகிற தகரத்தைச் சுத்தம் பண்ணுவான். தரையில் ஆத்தங்குடிக் கல். அதைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மண்டி போட்டுத் துடைத்துத் துடைத்து அவன் முழங்கால் கறுத்து மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது நடுக்கட்டில் விளக்கு ஏற்றுவான். அந்தச் சின்ன வெளிச்சம் நாலு கதவைத் தாண்டி வந்து என் கடைக்குத் தெரியும்.

வீரையா பெண்டாட்டி அம்மாக்கண்ணுக்கும் எனக்கும் பிறந்த ஊர் ஒன்று. என்னை அண்ணன் என்பாள். அதனால் வீரையாவுக்கு நான் மச்சான். அவர்களுக்கு ஒரே பெண், மாரீஸ்வரி. படித்துப் படித்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகிவிட்டாள். ஸ்கூட்டியில் போவாள், வருவாள். வண்டிக்குக் காற்று அடிக்க என் கடைக்கு வரும்போதுதான் இந்த விவகாரத்தை எனக்கு முதலில் சொன்னாள்.

"மாமா, நாங்க ஆன்லைன்ல டீச்சருங்களுக்கு ஒரு பயிற்சி படிக்கிறோம். அதுல வகுப்புக்குன்னு ஒரு பிளாக் தொடங்கச் சொல்லியிருக்காக. தமிழ்ல வலைப்பூ."

"பூவா?"

"பாடத்தை அதுல போடுவோம். படம் போடலாம், வீடியோ போடலாம். பிள்ளைக வீட்ல இருந்து பார்க்கலாம். கீழயே கேள்வி கேக்கலாம்."

"பள்ளிக்கூடத்துல பார்த்தது பத்தாதாக்கும்? வீட்டுக்கும் கொண்டு போகணுமா?"

"எழுதத் தெரியாத தாய் தகப்பனும் பேசலாம் மாமா. மைக் பொத்தானை அமுக்கிப் பேசுனாப் போதும், குரல் அப்படியே ஏறிரும்."

"ஏறுன குரலு எறங்குமா?"

அவள் சிரித்தாள். "உங்களுக்கு எதைச் சொன்னாலும் சந்தேகந்தான்."

அந்தப் பொத்தானில் முதலில் பேசிய ஆளே அம்மாக்கண்ணுதான். விகிதம் என்று ஒரு பாடமாம். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல் ஆத்தா என்று மகள் போனை நீட்டியிருக்கிறாள். "ஒரு உழக்குப் பச்சரிசி, அது மேல கோபுரமா உளுந்து" என்று இவள் சொல்லிவிட்டாள். கோபுரம் என்றால் எத்தனை கிராம் என்று பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி. இவள் திரும்பவும் பொத்தானை அமுக்கி, "கோபுரம்னா கோபுரந்தான், அதைத் தராசுல போட்டா பணியாரம் கல்லாப் போயிரும்" என்று சொன்னதைத் தெருவே போனில் கேட்டுச் சிரித்தது. அப்புறம் கடைவீதிக்குப் போனால் பிள்ளைகள் "கோபுரத்து ஆத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மாக்கண்ணு கோபப்படுவது மாதிரி நடப்பாள். உள்ளுக்குள் பெருமைதான்.

அடுத்தது பரப்பளவு. நீளம், அகலம், பெருக்கல். கரும்பலகையில் கட்டம் போட்டால் பிள்ளைகளுக்கு ஏறவில்லையாம். பெரிய வீட்டு நடுக்கட்டில் கல்லை எண்ணிப் பார்த்தால் ஏறும் என்று மாரீஸ்வரிக்கு யோசனை. வீரையா தயங்கினான். சென்னையில் இருக்கிற தேனம்மை ஆச்சிக்குப் போன் போட்டான். அந்த ஆச்சிதான் பங்காளிகளில் மூத்த வீட்டுக்காரி.

"பிள்ளைக வந்தா நல்லதுதானப்பா. கால் கழுவிட்டு வரச் சொல்லு. சுவத்துல கை வைக்கச் சொல்லாதே" என்றார்கள் ஆச்சி.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நான் கடையிலிருந்து பார்த்தேன். டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள், எண்ணினார்கள், சண்டை போட்டார்கள். மாரீஸ்வரி போனில் படம் எடுத்தாள். இரண்டாங்கட்டு நிலை வாசலுக்குக் கீழே எல்லாரையும் நிறுத்தி ஒரு படம். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட சத்தம் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

பாடம் வலைப்பூவில் ஏறியது. பயிற்சி நடத்துகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்று எல்லா ஊர் டீச்சர்களுக்கும் அனுப்பினார்கள். அது யார் யார் போனுக்கோ போய், சுற்றிச் சுற்றி, தேனம்மை ஆச்சி போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆச்சி வீரையாவைக் கூப்பிட்டு, "நம்ம வீடு எப்படிப் பளபளன்னு இருக்கு! கண்ணுல தண்ணி வந்துருச்சுப்பா" என்றார்களாம். வீரையா அதை என்னிடம் வந்து சொன்னான். அவன் ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு வந்து சொல்வதே அபூர்வம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் அதே ஆச்சி திரும்பக் கூப்பிட்டார்கள். வீரையா அப்போது என் கடையில்தான் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"வீரையா, ரெண்டாங்கட்டு நிலைக்கு மேல இருந்த பலகை எங்கப்பா?"

வீரையா பெரிய வீட்டுக் கதவைப் பார்த்தான்.

"கஜலட்சுமி பலகை. எங்க கல்யாணப் படத்துல தலைக்கு மேல இருக்கு. இப்ப பிள்ளைக நிக்கிற படத்துல அந்த எடம் மொட்டையா வெள்ளையாக் கெடக்கு. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழத்திப் பார்த்தேன். எங்க?"

"ஆச்சி..."

"சொல்லு."

"அதை என்கிட்ட கேக்காதீக ஆச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த டியூபை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டேன். எந்த மடையனாவது இப்படி ஒரு பதிலைச் சொல்வானா? தெரியாது என்று சொல். கரையான் அரித்தது என்று சொல். என்னிடம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்?

"சாவி உன்கிட்ட இருக்கு. உன்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்குறது?" என்று சொல்லிவிட்டு ஆச்சி போனை வைத்துவிட்டார்கள்.

"மாப்ள, என்னய்யா பேச்சு இது?" என்றேன்.

வீரையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிசம் எனக்கும் ஓடியது: இவன்தான் எடுத்துவிட்டானோ? காரைக்குடியில் பழைய சாமான் வாங்குகிற கடைகளுக்கா பஞ்சம்? நான் யாரையும் முழுசாக நம்புகிறவன் இல்லை. ஆனால் வீரையா விசயத்தில் அப்படி நினைப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கார் வந்து நின்றது. காரைக்குடியில் இருக்கிற பங்காளி வைரவன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வீரையா கதவைத் திறந்தான். நான் தெருவைத் தாண்டி முகப்புப் படிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். அதற்கு மேல் போகவில்லை. அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது.

வைரவன் இரண்டாங்கட்டு நிலைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நெஞ்சில் கையை வைத்தார்.

"அய்யோ! எங்க அய்யா காலத்துப் பலகை! பர்மாவுல இருந்து தேக்கு வந்து, ஆசாரிமாரு மாசக்கணக்கா உக்காந்து செதுக்குனது! வீட்டு லட்சுமியையே வித்துத் தின்னுட்டியேய்யா!"

வீரையா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பேயைப் பார்த்தவன் மாதிரி.

"என்னய்யா முழிக்கிற? ஆச்சி பொறுத்திருக்கச் சொல்லுறாக, நான் பொறுக்க மாட்டேன். திங்கக்கிழமைக்குள்ள பலகை வரலேன்னா ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேன். டீச்சரு வேலை பார்க்குற பிள்ளை வேற வச்சிருக்க. அதுக்கும் சேர்த்துத்தான் கேடு, பார்த்துக்க."

வெளியே வரும்போது என்னைப் பார்த்தார். "என்ன சேவுகப்பெருமாளு, எதிர்த்தாப்புலயே உக்காந்திருக்கீரு, ஒண்ணும் பாக்கலையா?"

"நான் டயரைப் பாக்குறவனுங்க. நிலைக்கு மேல எதைக் கண்டேன்" என்றேன்.

கார் போனது. வீரையா கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தான். வழக்கமாகப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பான். அன்றைக்கு இழுத்து, இழுத்து, இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று பொழுது சாய மழை பிடித்துக்கொண்டது. நான் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு கொதித்தது. சாப்பிட ஆள் இல்லை. மாரீஸ்வரி சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாத்தா?"

"பலகை காணாத சேதி படத்தோடயே போனுக்குப் போன் போயிருச்சு. பாடத்துக்குக் கீழ எழுதுறாக மாமா. 'காவக்காரனே களவாணி'ன்னு. யார் யாரோ. வெளியூர்க்காரவுக எல்லாம். 'இந்த டீச்சரு அப்பன் வித்த காசுல படிச்சவ'ன்னு ஒருத்தன். என் வகுப்புப் பிள்ளைக பார்க்குற எடத்துல மாமா!"

"அழிச்சுத் தொலையேன்."

"கமெண்டை அழிச்சேன். அழிக்க அழிக்க வருது. ஹெட்மாஸ்டர் பாடத்தையே எடுத்துருங்கம்மா, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேருங்குறாரு. எடுத்தா, பயந்து எடுத்துட்டான்னு அதுக்கு வேற பேசுவாக. படத்தைத்தான் எல்லாரும் சேமிச்சு வச்சிருக்காகளே."

"ஏறுனது எறங்குமான்னு அன்னைக்கே கேட்டேன்."

"இப்ப அதைச் சொல்லிக் காமிக்கத்தான் மழையில நனைஞ்சு வந்தீகளா?" என்று அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அந்த மனுசன்கிட்ட கேளுண்ணே. ரெண்டு நாளா வாயில பச்சைத்தண்ணி படல. எடுத்தியான்னு நானே கேட்டுட்டேன். கேக்கக் கூடாத வார்த்தைதான், கேட்டுட்டேன்."

வீரையா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சாவிக்கொத்து மடியில் கிடந்தது. நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, திங்கக்கிழமை போலீசு வரும். பிள்ளை வேலைக்கு வேட்டு வச்சிராதே. எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லு, கால்ல விழுந்து முடிப்போம். எடுக்கலேன்னா யாரு எடுத்தான்னு சொல்லு."

அவன் தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது.

"அவுகளே வந்துதான் எறக்குனாக மச்சான்."

"யாரு?"

"இன்னைக்கு நெஞ்சுல கையை வச்சாகளே, அவுக."

அம்மாக்கண்ணு கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. மாரீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். கார் கதவைத் திறந்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, "அய்யோ" என்று போட்ட சத்தம் எல்லாம் கண் முன்னால் ஓடியது. அப்படியும் ஒரு மனுசனால் முடியுமா? திருடுவது புரிகிறது. திருடியவனே வந்து ஒப்பாரி வைப்பது எப்படி?

"போன வருசத்துக்கு முந்துன வருசம் தையில வந்தாக" என்றான் வீரையா. குரல் அடியில் கிடந்தது. "ஒரு வேனு, ஒரு ஆளு. செல்லரிச்சிருக்கு, மருந்து வச்சு மெருகு போட்டுக் கொண்டாறேன்னாக. நான்தான் ஏணியைப் புடிச்சேன். பழைய சேலையில சுத்தி நான்தான் வண்டியில ஏத்துனேன். 'யாருக்கும் சொல்லிக்கிற வேணாம், வந்ததும் மாட்டிருவோம்'னாக. சரின்னேன். அப்புறம் எல்லாரும் கூடுற விசேசமே வரல, யாரும் அண்ணாந்து பார்க்கல."

"அந்த வேனை நான் பார்த்தேன்யா! ஏதோ கதவு ரிப்பேருக்குப் போகுதுன்னு நெனச்சேன். இதை அன்னைக்கே ஆச்சிகிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"எப்படிச் சொல்லுறது?"

"வாயாலதான்."

"ஒங்களுக்குத் தெரியாது மச்சான்." அவன் சாவிக்கொத்தைத் தொட்டான். "அந்த வீட்டுக்குள்ள ஒரு பங்காளி வந்தா, வந்ததை இன்னொரு பங்காளிகிட்ட சொல்லக் கூடாது. சின்னாச்சி தனியா வந்து, அறையைப் பூட்டிக்கிட்டுப் பொழுதன்னைக்கும் அழுதுட்டுப் போவாக. யார்கிட்டயும் சொன்னதில்ல. சிங்கப்பூர்க்காரவுக வக்கீலைக் கூட்டியாந்து சுவரை அளந்தாக. சொன்னதில்ல. ஒருத்தர் மறந்து வச்ச சாமானை அடுத்தவுக பார்த்துட்டு 'இது யாருது'ன்னா, தெரியாதுன்னு சொல்லுறதில்ல, என்கிட்ட கேக்காதீகன்னுதான் சொல்லுவேன். எங்கய்யாவும் அப்படித்தான். அதனாலதான் முகம் பார்க்காத ஏழெட்டுப் பேரும் ஒரே ஆளுகிட்ட சாவியை விட்டு வச்சிருக்காக. ஒரு வார்த்தையை அங்குட்டு இருந்து இங்குட்டு கொண்டுபோனா அந்த வீடு என்னத்துக்கு ஆகும்?"

"அவுகதான் உன்னைக் களவாணின்னுட்டாகளே! இன்னும் என்னத்தைக் காப்பாத்துற?"

"அவுக முறை தப்புனாக. அதுக்காக நானும் தப்பணுமா?"

"அப்பா, நான் எழுதுறேன்" என்றாள் மாரீஸ்வரி. போனைக் கையில் எடுத்தாள். "பாடத்துக்குக் கீழயே எழுதுறேன். இன்னார் வந்தாரு, இன்னமாதிரி எறக்குனாருன்னு. எல்லாரும் பார்க்கட்டும்."

"எழுதுனே, இந்தச் சாவியைக் கெணத்துல போட்டுட்டு நானும் விழுந்துருவேன்."

அவன் கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான். மாரீஸ்வரி போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மழை ஓட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. குழம்பு அடிபிடித்து நாறியது, எழுந்து பார்க்க ஆள் இல்லை.

அம்மாக்கண்ணு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். அவள் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரியின் ஸ்கூட்டி என் கடை முன்னால் வந்து நின்றது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனை நீட்டினாள்.

"கேளுங்க மாமா."

"என்னது?"

"காலையில நான் குளிக்கப் போன நேரத்துல எங்காத்தா என் போனை எடுத்துப் பண்ணுனது. எனக்குத் தெரியவே தெரியாது. வகுப்புல பெரிய டிவியில பாடத்தைத் தொறந்தேன். கீழ புதுசா ஒரு குரல் வந்திருக்குன்னு இருந்துச்சு. கோபுரத்து ஆத்தா, கோபுரத்து ஆத்தான்னு பிள்ளைக கத்துதுக. பணியாரத்தைப் பத்திப் பேசியிருக்கும்னு அமுக்கிட்டேன்."

அவள் பொத்தானைத் தொட்டாள். அம்மாக்கண்ணுவின் குரல், வீட்டில் கேட்கிற அதே குரல், என் கடைக்குள் கேட்டது.

"கோபுரமா உளுந்து போடச் சொன்ன அம்மாக்கண்ணு பேசுறேன். பிள்ளைகளா, நல்லாப் படிங்க. இது உங்களுக்கு இல்ல, கீழ வந்து எங்களைக் களவாணிங்குறவுகளுக்கு. அந்த நிலைக்கு மேல இருந்த பலகையை எறக்கிட்டுப் போனது காரைக்குடி வைரவன் செட்டியாரு. தை மாசம் வேன் வச்சு எடுத்தாக. எங்க வீட்டுக்காரரு ஏணி புடிச்சாரு, சேலையைச் சுத்துனாரு, அம்புட்டுத்தான். அவரு சொல்ல மாட்டாரு. சாவி அவரு மடியில இருக்கு, அதனால அவரு வாயும் பூட்டுத்தான். என் மடியில சாவி இல்ல. நான் சொல்லுறேன். தப்புன்னா என்கிட்ட வாங்க, என் மக சோலிக்குப் போகாதீக. வச்சிர்றேன். எங்கிட்டு அமுக்குறது இதை... ஆத்தாடி, நிக்க மாட்டேங்குதே..."

அதோடு அறுந்துவிட்டது.

"பிள்ளைக என்ன பண்ணுச்சுக?"

"ஒருத்தி எந்திரிச்சு, 'டீச்சர், அப்ப உங்கப்பா எடுக்கலையா'ன்னு கேட்டா. நான் இல்லன்னேன். மத்தது எல்லாம் கையைத் தட்டுதுக. எனக்கு அழுகை வருதா, சிரிப்பு வருதான்னு தெரியல. ஹெட்மாஸ்டர் ஓடி வந்தாரு. உடனே அழிங்கன்னாரு. என் பாடத்தை வேணா அழிச்சிர்றேன் சார், எங்காத்தா குரலை அழிக்க மாட்டேன்னுட்டேன். விளக்கம் எழுதித் தாங்கன்னாரு. எழுதிக் குடுத்துட்டு லீவு போட்டு வந்தேன்."

"அப்பனுக்குத் தெரியுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் வீரையாவே வந்துகொண்டிருந்தான். தெரிந்துவிட்டது என்று நடையிலேயே தெரிந்தது. பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். உட்கார்ந்து பழைய சோறு இரண்டு கவளம் சாப்பிட்டானாம். அதுதான் தன்னைக் கொன்றது என்று அம்மாக்கண்ணு பிறகு என்னிடம் சொன்னாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். தேனம்மை ஆச்சி.

"வீரையா."

"ஆச்சி."

"கேட்டேன்ப்பா. வைரவனையும் கூப்பிட்டுக் கேட்டேன். மெருகு போடக் குடுத்தேன், கடைக்காரன் மூடிட்டுப் போயிட்டான்னு மழுப்புனான். எனக்கும் பங்கு இருக்குன்னு வேற கத்துறான். நீ எடுக்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு என் மனசு அடிச்சுக்குது."

மாரீஸ்வரி அப்பா தோளைப் பிடித்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அதற்குள் ஆச்சி மேலே பேசினார்கள்.

"ஆனா சாவியைக் குடுத்துரப்பா."

"ஆச்சி?"

"எங்க வளவு வீட்டுப் பேச்சு, உன் வீட்டுக்குள்ள இருந்து உலகத்துக்கே போயிருச்சு. அவன் களவாணிதான். இருந்தாலும் எங்க வீட்டுக் களவாணி. இனி யாரு உன்கிட்ட சாவியை விடுவாக? எல்லாரும் ஒண்ணா அதைத்தான் சொல்லுறாக. அந்த ஒண்ணுலதான் எல்லாரும் ஒத்துப்போறாக. எதிர்த்த கடையில குடுத்துட்டுப் போ. ஆளு வந்து வாங்கிக்கும்."

போன் அணைந்தது. நான் அந்த வீட்டு முகப்பைப் பார்த்தேன், வீரையாவைப் பார்த்தேன். திருடன் இல்லை என்று சொன்ன வாயே, அதே மூச்சில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. அவனைத் திருடன் என்று நினைத்தபோதுகூட சாவியைக் கேட்கவில்லையே!

வீரையா இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்தான். என் பம்பு மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"நான் கேக்கலையே மாப்ள, என்னத்துக்கு என் தலையில கட்டுறாக?"

"ஒங்க கடை எதிர்த்தாப்புல இருக்கு மச்சான்."

ஆள் வரவில்லை. மூன்று மணிக்கு வைரவன் எனக்குப் போன் பண்ணினார். எண் எப்படிக் கிடைத்ததோ. "சேவுகப்பெருமாளு, ஆச்சி ஆளு வந்தா சாவியைக் குடுக்காதீரு. நான் வந்து வாங்கிக்கிறேன். நான் பேசுனது ஆச்சிக்குத் தெரிய வேணாம்." கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர். வைரவனுக்கும் கொடுக்காதே, ஆச்சிக்கும் கொடுக்காதே, தான் பேசியதைச் சொல்லாதே. நான் சைக்கிள் வீலைச் சுற்றிக்கொண்டே எல்லாருக்கும் "ம், ம்" என்றேன். இந்தச் சனங்கள் என்ன சனங்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பொழுது சாய்ந்தது. மழை விட்டு ஈசல் கிளம்பியது. வீரையா வேட்டி மாற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு தெருவில் வந்து நின்றான். வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பின்னாலேயே அம்மாக்கண்ணு, கொஞ்சம் தள்ளி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"என்ன மாப்ள?"

"சாவி ஒங்க பொறுப்பு. நீங்க தொறந்தா நான் விளக்கை ஏத்திட்டுப் போயிருவேன். நீங்க வேணாம்னா வேணாம்."

கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நான் கொத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எந்தச் சாவி எந்தப் பூட்டு என்று அவன்தான் காட்டினான். கதவு கனம். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். இத்தனை வருசம் எதிரில் உட்கார்ந்தவன், முதல் தரம் படியேறி உள்ளே போனேன். கல் ஜில்லென்று இருந்தது. ஓரத்தில் பிள்ளைகள் சாக்பீஸில் போட்ட எண்கள் அப்படியே கிடந்தன. எண்ணெய்த் துணியால் அதை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தான் போலும்.

இரண்டாங்கட்டு நிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஆள் கை விரித்த நீளத்துக்கு வெள்ளையாக, நாலு ஆணி ஓட்டையோடு. வீரையா அங்கே பார்க்கவே இல்லை. விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தான்.

என் போன் அடித்தது. தேனம்மை ஆச்சி. எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் எடுத்தேன்.

"சேவுகப்பெருமாளு, சாவி பத்திரமா இருக்கா?"

"இருக்கு ஆச்சி."

"வைரவன் உங்ககிட்ட பேசுனானா? சாவியைக் கேட்டானா?"

வாயைத் திறந்தேன். வலது கையில் அந்தக் கொத்து கனத்துக்கொண்டு கிடந்தது. எதிரில் நாலு கதவு, நேராக, என் கடை வரைக்கும் திறந்து கிடந்தது.

"அதை என்கிட்ட கேக்காதீக ஆச்சி" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. முகப்பில் நின்ற அம்மாக்கண்ணு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வீரையா தீக்குச்சியைக் கையில் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தான். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறிவிட்டு, இன்னொரு குச்சி உரசினான்.